செக்வேயில் சுற்றிய பூங்காவும் அதைக் காப்பாற்றிய வழக்குகளும்



சிகாகோவில் மகள் வீட்டில் இருந்தபோது, இரண்டு சக்கர வண்டி ஒன்றில் ஹெல்மெட்டோடு நான் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன் அல்லவா? "சார், அது என்ன வண்டி? கீழே விழாமல் எப்படி நிற்கிறீர்கள்?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பழைய மாணவர் ஒருவர், "வண்டி இருக்கட்டும் சார், ஊரோட ஹிஸ்டரியைச் சொல்லுங்க" என்று உட்பெட்டியில் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசிப் பீரியடில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

முதலில் வண்டி.

இதன் பெயர் செக்வே. டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 2001 டிசம்பர் 3 அன்று நியூயார்க் பிரையண்ட் பூங்காவில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பே இவர் படிக்கட்டு ஏறும் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கியவர். அந்த நாற்காலியைச் சாயாமல் நிறுத்திய நுட்பம்தான் செக்வேயிலும் இருக்கிறது. சுழல்மானி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த உணரிகள் நாம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறோம் என்பதை நொடிக்கு நூறு தடவை கணக்குப் போடுகின்றன. முன்னால் சாய்ந்தால் மோட்டார் சக்கரத்தை முன்னால் உருட்டும், பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும். விழப் போகிறவனைத் தாங்குவதற்காகச் சக்கரம் ஓடிப் போய் அவன் காலடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்.

குதிரை வண்டியைக் கார் ஓரங்கட்டியதுபோல நகரங்களில் காரைச் செக்வே ஓரங்கட்டிவிடும் என்று கேமன் நம்பினார். அப்படி நடக்கவில்லை. விலை ஏறத்தாழ 5,000 டாலர். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது: இது ஓட வேண்டியது சாலையிலா, நடைபாதையிலா? சாலையில் போனால் கார் இடிக்கும். நடைபாதையில் போனால் இது நடப்பவர்களை இடிக்கும். நடைபாதை நடப்பவர்களுக்கே என்று சொல்லி, சான் பிரான்சிஸ்கோ நகரம் இந்த வண்டி பரவலாக விற்பனைக்கு வரும் முன்பே 2002 இறுதியில் தடை போட்டது. 2016-ல் பிராக் நகரமும் அதன் மையப் பகுதியில் தடை விதித்தது. கடைசியில் இது போலீஸ்காரர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குமான வண்டியாகச் சுருங்கியது. 2020-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. மொத்தம் விற்றவை சுமார் 1,40,000 வண்டிகள்தான். 2009-ல் இந்தக் கம்பெனியை வாங்கிய பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம்மி ஹெசல்டன், மறு வருடமே செக்வே ஓட்டிச் சென்றபோது பாறைச் சரிவிலிருந்து விழுந்து இறந்தார் என்பது இந்த வரலாற்றில் ஒரு சோகமான அடிக்குறிப்பு.

பொது இடம் யாருக்கு? அந்த வண்டியைத் தோற்கடித்த கேள்வி இதுதான். அந்த வண்டியில் ஏறி நான் சுற்றிய பூங்காவை உருவாக்கியதும் இதே கேள்விதான். அதனால்தான் இந்தப் பதிவு.

மகள் இணையத்தில் டிக்கெட் போட்டுவிட்டாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல?" என்று என் துணைவியார் தடுத்துப் பார்த்து, பிறகு பூங்கா பெஞ்சில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். எங்கள் குழுவில் ஏழு பேர். கைடாக வந்தது கல்லூரிப் பெண். முதல் அரை மணி நேரம் பயிற்சி: ஏறுவது, நிற்பது, திரும்புவது. அந்தப் பெண் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். கீழே சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது நம் அப்பாக்களும் இதைத்தானே சொன்னார்கள்?

பயிற்சி முடிந்து மிச்சிகன் அவென்யூவைக் கடந்தோம். ஒரு பக்கம் வரிசையாக உயர்ந்த கட்டடங்கள். மறுபக்கம் ஏரி வரைக்கும் பச்சை வெளி. அதுதான் கிராண்ட் பூங்கா, 300 ஏக்கருக்கு மேல். "இனி நாம் போகப் போவது ஏரிக்குள்" என்றாள் கைடு. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. 1830-களில் மிச்சிகன் ஏரியின் கரை இந்தச் சாலையை ஒட்டியே இருந்தது. சாலைக்குக் கிழக்கே நாம் பார்க்கும் பூங்கா அநேகமாக முழுவதும் பிற்காலத்தில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய நிலம். (ஏரி என்றதும் நம்மூர் ஏரியை நினைக்க வேண்டாம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும். உப்புக் கரிக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.)

கதை ஒரு வரைபடத்தில் தொடங்குகிறது. 1836-ல் சிகாகோ இன்னும் நகரமாகக்கூட அறிவிக்கப்படவில்லை. மிச்சிகன் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கால்வாய்க்குப் பொறுப்பான ஆணையர்கள் மனை போட்டு விற்றார்கள். அந்த மனை வரைபடத்தில் ஏரிக்கரை ஓரமாக ஒரு பட்டையை விற்காமல் விட்டு, அது பொது இடம் என்றும், கட்டடமோ வேறு எந்தத் தடையோ இல்லாமல் என்றென்றும் திறந்த வெளியாகவே இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு குறிப்பு. எதிர்வரிசை மனைகளை வாங்கியவர்கள் இந்த வாக்குறுதியை நம்பித்தான் வாங்கினார்கள். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கரையை அலை அரித்துக்கொண்டே இருந்தது. தடுப்புச் சுவர் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. 1852-ல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தடுப்புச் சுவரை நீங்கள் கட்டுங்கள், தண்டவாளம் போட இடம் தருகிறோம் என்று. தண்டவாளம் கரைக்கு அப்பால், ஏரித் தண்ணீருக்குள் தூண் நட்டுப் போடப்பட்டது. கரைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு குளம்போலத் தண்ணீர் தேங்கி நின்றது.

1871 அக்டோபர் 8. அன்று இரவு தொடங்கிய பெருந்தீ இரண்டு நாள் எரிந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. மூன்று லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் ஒரு லட்சம் பேருக்கு வீடில்லாமல் போயிற்று. ஓலியரி என்ற பெண்மணியின் பசு விளக்கை உதைத்ததால்தான் தீப்பிடித்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவர் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழை, பழி போட வசதியான ஆள். 1997-ல் நகர மன்றமே அவரையும் பசுவையும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது!

எரிந்த ஊரின் இடிபாடுகளை எங்கே கொட்டுவது? அந்தக் குளத்தில் கொட்டினார்கள். செங்கல், சாம்பல், உருகிய இரும்பு எல்லாம் சேர்ந்து குளம் தரையாயிற்று. நான் வழவழப்பான பாதையில் வழுக்கிக்கொண்டு போனேனே, அதற்கு அடியில் கிடப்பது எரிந்துபோன பழைய சிகாகோ. செக்வேயில் போகும்போது மோட்டார் சத்தம் அதிகம் கேட்காது. அந்த அமைதியில் இதை நினைத்துக்கொண்டு போனது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. 1869-ல் இல்லினாய் சட்டமன்றம், ஆளுநர் மறுப்புத் தெரிவித்த பிறகும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஏரிக்கு அடியில் இருக்கும் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அதே ரயில்வே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. துறைமுகப் பகுதியே அதில் அடங்கும். மக்கள் எதிர்ப்பு வலுத்தது. 1873-ல் சட்டம் ரத்தானது. கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று வழக்கு போயிற்று. 1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான். ஏரியும் அதன் அடிநிலமும் அரசாங்கத்தின் சொந்தச் சொத்து மாதிரி விற்கத்தக்கவை அல்ல. மக்களுக்காக அரசாங்கம் அவற்றை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள முடியாது.

காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு சொல்லியிருக்கிறது. அந்தப் பழைய எண்ணத்துக்கு நவீன நீதிமன்றம் கொடுத்த வலுவான வடிவம் இந்தச் சிகாகோ வழக்கு. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டிகள் பக்கிங்ஹாம் நீரூற்றுக்கு வந்து நின்றன. 1927-ல் கேட் பக்கிங்ஹாம் என்ற அம்மையார் தன் சகோதரர் நினைவாக நகரத்துக்குக் கொடுத்தது. பிரான்ஸ் நாட்டு வெர்சாய் அரண்மனை நீரூற்று ஒன்றைப் பார்த்துச் செய்தது, அதைவிடப் பெரியது. நான்கு ஜோடி வெண்கலக் கடல்குதிரைகள், மிச்சிகன் ஏரியைச் சுற்றியுள்ள நான்கு மாநிலங்களைக் குறிக்கின்றன. நடுவில் தண்ணீர் 150 அடி எழுகிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

நகரத்தின் நடு மையம், இவ்வளவு விலைமதிப்புள்ள இடம். இங்கே அரண்மனை மாதிரி ஒரு கட்டடம் இல்லாமல் ஏன் நீரூற்று மட்டும் இருக்கிறது? இதற்குப் பதில் ஒரு மளிகைக்கடை மனசுக்காரரிடம் இருக்கிறது.

அவர் பெயர் ஆரன் மான்ட்கோமரி வார்டு. 1872-ல் ஒரே தாளில் 163 பொருள்களின் விலைப்பட்டியலை அச்சடித்து, கிராமத்து விவசாயிகளுக்குத் தபாலில் சரக்கு அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கியவர். இன்று நாம் போனில் தட்டி வாங்குகிறோமே, அதன் பாட்டனார் என்று சொல்லலாம். தொழில் பெருகி மிச்சிகன் அவென்யூவிலேயே அலுவலகம் போட்டார். எதிரே பூங்கா என்று பெயர் மட்டும். குப்பை மேடு, குதிரை லாயம், கொட்டகைகள், ரயில் சரக்கு. 1890-ல் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். அடிப்படை என்ன தெரியுமா? 1836 வரைபடத்தில் எழுதியிருந்த அந்த ஒரு குறிப்பு. எதிர்வரிசை மனைக்காரன் என்ற முறையில் அந்த வாக்குறுதியைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்றார்.

நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. குப்பையை எடுத்த பிறகு நல்ல நல்ல திட்டங்கள் வரத் தொடங்கின. ஆயுதக் கிடங்கு, நூலகம், அருங்காட்சியகம்! மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரும் வணிகர் 1906-ல் இறந்தபோது அருங்காட்சியகத்துக்காக 80 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். டேனியல் பர்ன்ஹாமின் புகழ்பெற்ற 1909 நகரத் திட்டத்தில் அந்தக் கட்டடம் பூங்காவின் நட்ட நடுவில் நிமிர்ந்து நின்றது. ஊரே விரும்பியது. வார்டு மட்டும் முடியாது என்றார். பத்திரிகைகள் அவரைத் திட்டின. வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, பிடிவாதக்காரன் என்றெல்லாம் பேச்சு. இருபது வருடம், சொந்தப் பணம், இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை திரும்பத் திரும்ப வழக்கு. ஒவ்வொரு முறையும் அவரே ஜெயித்தார். அதிகம் பேசாத மனிதர். பத்திரிகைக்குப் பேசிய ஒரு சமயத்தில், தான் போராடியது பணக்காரர்களுக்காக அல்ல, இந்த ஊர் ஏழைகளுக்காக என்று சொன்னார். 1913-ல் காலமானார்.

வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும்: "சார், குப்பையை எதிர்த்தது சரி. மியூசியத்தை எதிர்த்தது தப்பில்லையா?" நியாயமான கேள்வி. பூங்காவைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய பதில் இது. பொது இடத்தைக் கெட்ட காரணத்துக்காக யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூலகம், பஸ் ஸ்டாண்டு என்று நல்ல காரணத்துக்காகவே ஒவ்வொரு துண்டாகப் போகும். கடைசியில் வெளி மட்டும் இருக்காது. வார்டுக்கு இது புரிந்திருந்தது. அவருக்குப் பூங்காவில் ஒரு சிறிய மார்பளவுச் சிலை இருக்கிறது. சுற்றுலாவில் அங்கே நிற்கவில்லை. மறுநாள் நானே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அருங்காட்சியகம் என்ன ஆயிற்று? நீரூற்றிலிருந்து தெற்கே ஓட்டிப் போனால் அது வருகிறது. பூங்கா எல்லைக்கு வெளியே, புதிதாகத் தூர்த்த நிலத்தில் கட்டி 1921-ல் திறந்தார்கள். பக்கத்திலேயே மீன் காட்சியகமும் கோளரங்கமும். ஏரி ஓரமாக அங்கிருந்து நகரத்தைத் திரும்பிப் பார்த்தால், பச்சை வெளிக்குப் பின்னால் கட்டடங்கள் சுவர் எழுப்பியதுபோல நிற்கின்றன. நடுவே மறைக்க ஒன்றுமில்லை. ஊரிலேயே அழகான காட்சி அதுதான்.

அந்த இடத்தில் வேறொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. இந்த மண்ணின் பழங்குடிகள் போட்டவாட்டமி மக்கள். 1833 ஒப்பந்தத்தோடு இந்தப் பகுதியில் மிச்சமிருந்த நிலங்களும் அவர்கள் கையைவிட்டுப் போயின. பெரும்பாலோர் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பப்பட்டார்கள். 1914-ல் அவர்களில் ஒரு பிரிவினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. நாங்கள் எழுதிக் கொடுத்தது கரை வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஏரியைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தை நாங்கள் கொடுக்கவே இல்லையே? 1917-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. அவர்களுக்கு அங்கே ஏதாவது உரிமை இருந்திருந்தாலும் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டார்கள் என்றது. துரத்தப்பட்டவர்களைக் கைவிட்டுப் போனவர்கள் என்று எழுதலாமா? மக்கள் சொத்து என்று சொல்லும்போது, அந்த மக்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வார்டின் வெற்றியைச் சொல்கிறவர்கள் இந்தத் தோல்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு பெரிய புல்வெளி. குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1968 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் இந்தப் பூங்காவில்தான் கூடினார்கள். போலீஸ் தடியடியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 40 வருடம் கழித்து, 2008 நவம்பர் 4 இரவு, அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒபாமா பேசியதும் இதே பூங்காவில். இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். திறந்த வெளி என்பது காற்று வாங்க மட்டுமா? கூடிக் கோபப்படவும் கூடிக் கொண்டாடவும் ஊருக்கு ஓர் இடம் வேண்டாமா?

அடுத்தது மில்லேனியம் பூங்கா. கிராண்ட் பூங்காவின் வடமேற்கு மூலை, 24.5 ஏக்கர். செக்வேக்களை வெளியில் நிறுத்திவிட்டு நடந்து போனோம். ரயில் தண்டவாளத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே கூரை போட்டு, அந்தக் கூரை மேல் பூங்கா அமைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுக்காகத் திட்டமிட்டு, 2004 ஜூலையில்தான் திறந்தார்கள். 15 கோடி டாலரில் முடிப்பதாகச் சொன்னது 47 கோடிக்கு மேல் போயிற்று. (நம்மூரில் மட்டும்தான் இப்படி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.)

எல்லோரும் ஓடுவது அந்த எஃகு அவரை விதையைப் பார்க்க. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புத் தெரியாமல் இழைத்திருக்கிறார்கள். வானமும் கட்டடங்களும் நாமும் அதில் வளைந்து தெரிகிறோம்.

ஆனால் என் கண் போனது பக்கத்தில் இருந்த இசை மேடைக்கு. ஃபிராங்க் கேரி வடிவமைத்தது. எஃகு நாடாக்கள் காற்றில் சுருண்டு நிற்பதுபோல இருக்கிறது. உயரமான கட்டுமானம். வார்டு வாங்கிய தீர்ப்புகள் இருக்கும்போது இதை எப்படிக் கட்டினார்கள்? இது கட்டடம் இல்லை, கலைப்படைப்பு என்று வகைப்படுத்திவிட்டார்கள்! அருகிலுள்ள நாடக அரங்கத்தையோ பெரும்பகுதி தரைக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். செத்து 90 வருடம் ஆன ஒரு வியாபாரிக்குப் பயந்து, உலகப் புகழ்பெற்ற பொறியாளர்கள் நெளிந்து வளைந்து போயிருக்கிறார்கள். அந்த மேடையில் கோடைக் காலத்தில் நடக்கும் கச்சேரிகளைப் புல்வெளியில் உட்கார்ந்து காசு கொடுக்காமல் கேட்கலாம். கிராண்ட் பூங்காவில் இலவச இசைவிழா 1935 முதல் நடந்துவருகிறது.

அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் அருங்காட்சியகத்தை இந்த ஏரிக்கரையில் கட்ட விரும்பினார். பூங்கா ஆர்வலர்கள், 1892 தீர்ப்பின் வழியில் வந்த அதே நம்பிக்கைப் பொறுப்புக் கொள்கையைச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 2016-ல் அவர் சிகாகோ திட்டத்தைக் கைவிட்டு, பிறகு அதை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றிக்கொண்டார். தெற்கே ஜாக்சன் பூங்காவில் ஒபாமா மையத்துக்கு எதிராகவும் வழக்கு நடந்தது. அங்கே நீதிமன்றங்கள் தடை கொடுக்க மறுத்துவிட்டன. எப்போதும் ஒரு பக்கமே ஜெயிப்பதில்லை. ஆனால் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடியாது என்ற நிலை இருக்கிறது.

கடைசியாக நின்ற இடம் கலைக்கூடம், இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் காக்கும் கட்டடம். எதிர்வரிசை மனைக்காரர்களின் சம்மதம் வாங்கிக் கட்டியதால் பூங்காவுக்குள் விதிவிலக்காக நிற்கிறது. 1893 செப்டம்பரில் சர்வ சமயப் பேரவை நடந்ததும், விவேகானந்தர் பேசியதும் இந்த இடத்தில்தான். அவரை இங்கே அனுப்பி வைக்க முன்நின்றவர் யார் என்று கேட்டால் பலர் ராமநாதபுரம் சேதுபதி என்பார்கள். அவர் ஊக்கமும் உண்மை. ஆனால் சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வழிச்செலவுக்குப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள், திருவல்லிக்கேணிக்காரர், பச்சையப்பன் பள்ளி ஆசிரியர். ஒரு வாத்தியார் கையேந்தித் திரட்டிய காசு இந்த வாசல் வரை வந்திருக்கிறது என்று நினைத்தபோது, வாத்தியார் வர்க்கத்தைச் சேர்ந்த எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நம் நாட்டோடு இந்தப் பூங்காவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அது அதிகம் பேருக்குத் தெரியாது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு சுற்றுலா விடுதி, தன் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொள்ள இயந்திரங்களை விட்டு ஆற்றின் போக்கையே திருப்பியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா பெயரில் நடந்த அந்த வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு, காடு, கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதற்கு எடுத்துக்காட்டிய வழக்குகளில் முக்கியமானது எது? 1892 சிகாகோ ரயில்வே வழக்கு! நான் செக்வேயில் வழுக்கிக்கொண்டு போன அந்த ஏரிக்கரை வழக்கு, பியாஸ் ஆற்றைக் காப்பாற்ற நம் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. அதன் பிறகு ஏரி, குளம் ஆக்கிரமிப்பு வழக்குகளிலும் இந்தக் கொள்கை பேசப்படுகிறது.

ஆனால் இந்த எண்ணத்தை நாம் அமெரிக்காவிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நம்மிடம் இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது: புறம்போக்கு. தீர்வை விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கிய நிலம். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களம், மயானம் என்று எத்தனை வகை! மந்தைவெளி என்ற பெயரே மந்தைக்கு விட்ட வெளிதானே? சிகாகோக்காரர்கள் ஒரு வரைபடக் குறிப்பை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நாமோ அந்தச் சொல்லையே வசைச்சொல்லாக்கிவிட்டோம். யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்ததால்தான் அது வசையாயிற்று. எல்லோருக்கும் சொந்தமானது என்று நினைத்திருந்தால் ஆகியிருக்குமா?

சரி, சுற்றுலாவைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சில குறிப்புகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள், இரண்டு மணி நேரமும் நின்றபடிதான். கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். எடைக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டையான செருப்பைவிடக் காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ நல்லது. வண்டியே வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நடந்தே பார்க்கலாம். அதற்காகத்தான் ஒரு மனிதர் இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்.

வாத்தியார் பதிவு என்றால் வீட்டுப் பாடம் இல்லாமலா? உங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடும் கிராம வரைபடமும் இருக்கும். உங்கள் ஊரில் எந்தெந்த இடம் பொது என்று அதில் குறித்திருக்கிறது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஒருவராவது ஊருக்கு ஊர் வேண்டும்.